வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸ்

வாசனை முதலில் எட்டியது மாமனாருக்குத்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்திருக்கிற மனுஷனுக்கு அது எப்படித்தான் தெரிந்ததோ.

"மாப்பிள்ளை, எதையோ பொசுக்குறீங்க."

"வெளிய இருந்து வருது மாமா. எவனோ குப்பையக் கொளுத்துறான்."

சொன்ன கையோடு ஜன்னலை ஏற்றினான். வெளியே இரண்டு பக்கமும் மரம், மரம் விட்டால் பாறை. அரைமணி நேரமாக ஒரு வீடு கண்ணில் படவில்லை. குப்பை கொளுத்த ஆள் இருந்தால்தானே குப்பை எரிய? அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

ஜன்னலை மூடியதும் வாசனை கூடியது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிற வாசனை. அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, இடது முழங்காலுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் பின்னால் அந்த மெஷின் கீச்சென்று கத்தியது. ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

மெஷின் கைப்பை அளவுதான். காற்றை உறிஞ்சி, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மாமனாரின் மூக்குக்கு அனுப்பும். நுரையீரல் தழும்பேறிப்போன மனுஷன். அது இல்லாமல் எழுந்து நாலு அடி வைத்தால் உதடு நீலம் பாய்ந்துவிடும். மெஷினின் ஒயர் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற சாக்கெட்டில் செருகியிருந்தது.

"ஏங்க, பச்சை லைட் போயிடுச்சு." மனைவி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கார் கரண்ட் வரலைங்க. பேட்டரில ஓடுது."

"எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தாறு நிமிஷம்."

அடிவாரத்து ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம். திரும்பிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பேட்டரி முழுசாக இருந்திருந்தால் கவலையே இல்லை. காலையில் மாமனாரைக் குளிக்க வைத்தது, மாடிப்படி இறக்கியது எல்லாமே பேட்டரியில்தான். "போற வழியில கார்லயே சார்ஜ் ஏறிடும்"னு சொன்னவன் அவன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததால் ஏறியது கொஞ்சம்தான்.

சாலை சற்று அகலமாக இருந்த இடத்தில் ஓரம் கட்டினான்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போடட்டுமா? ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன்."

"வேணாம் வேணாம். ஃப்யூஸா இருக்கும். அஞ்சு நிமிஷம் குடு."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்தாள். அந்த அஞ்சு நிமிஷத்தை அவளாகக் கொடுக்கவில்லை. அவன் பிடுங்கிக்கொண்டான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். கடையில் ஒரு நூல் இழை பிசகினாலும் லென்ஸைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு வீட்டுக்கு வந்தால் என்ன ஆகுமோ தெரியாது, கறுப்பு டேப் ஒரு சுருள் இருந்தால் உலகத்தில் எதையும் ஒட்டிவிடலாம் என்று நினைப்பு. கல்யாணமான வருஷம் மாமனார் வீட்டு அழைப்புமணியைச் சரி பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வீட்டு மெயினையே அணைத்துத்தான் நிறுத்த முடிந்தது. அன்றிலிருந்து மச்சான்மார் வாயில் அவன் பெயர் 'டேப்பு'. மாமனார் மட்டும் மரியாதை விடாமல் 'டேப்பு மாப்பிள்ளை' என்பார்.

இந்தக் கார் சாக்கெட்டின் கதை மூன்று மாதத்துக்கு முந்தியது. டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்று வாங்கியிருந்தான். அதைச் செருகினால் ஃப்யூஸ் போகும். புதுசு போட்டான், போனது. இன்னொன்று போட்டான், அதுவும் போனது. மூன்றாவது தடவை கையில் ஃப்யூஸ் இல்லை. சாக்லேட் சுற்றியிருந்த வெள்ளித்தாளை மடித்து, செத்த ஃப்யூஸின் இரண்டு காலுக்கும் சேர்த்துச் சுற்றிச் செருகினான். பம்ப் ஜோராக ஓடியது. அதற்கும் முன்னால், டேஷ்போர்டுக்கு அடியில் கால்மாட்டுக்கு வெளிச்சம் வேண்டுமென்று அதே ஒயரைச் சுரண்டி, ஒரு குட்டி லைட்டை முறுக்கி இணைத்து டேப் சுற்றியிருந்தான். இரண்டும் வேலை செய்தன. வேலை செய்கிற சாமானை எவன் பிரித்துப் பார்ப்பான்?

போன வாரம் மனைவி சொன்னாள்: "அப்பாவ கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த சாக்கெட்ட ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டிடுங்க." நேற்று மறுபடி கேட்டாள். "காட்டியாச்சு"ன்னான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் சொல்லிவைத்திருந்த ஆம்புலன்ஸை நேற்றே வேண்டாமென்று சொன்னாள்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு மூடியைக் கழற்றினான். மூடி சூடாக இருந்தது. உள்ளே சாக்கெட்டின் ஃப்யூஸ் இருந்த குழி உருகி, ஓரம் மெழுகாக வழிந்திருந்தது. இடுக்கியை விட்டு இழுத்தான். கறுத்துப்போன வெள்ளித்தாளோடு ஃப்யூஸ் உள்ளங்கையில் விழுந்தது. சுட்டது. ஆனாலும் கையை மூடிக்கொண்டான், ஏனென்றால் மனைவி கதவுக்குப் பக்கத்தில் வந்து போன் வெளிச்சத்தைக் காட்டினாள்.

"ஃப்யூஸ்தானா?"

"ஃப்யூஸ்தான்."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல, தூசி."

அதைச் சட்டைப் பையில் போட்டான். பின்பக்கத்து வைப்பருக்கான ஃப்யூஸைப் பிடுங்கி, பக்கத்துக் குழியில் இருந்து ஒரு துண்டு ஒயரால் இணைப்புக் கொடுத்துச் செருகினான். பட்டென்று ஒரு பொறி. அவ்வளவுதான், அந்த ஃப்யூஸும் போனது. ஒயர் எங்கேயோ உருகிக் கார் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் கையை விட்டுத் தடவினான். அவன் டேப் சுற்றிய இடம் கருகி, பிசினாக விரலில் ஒட்டியது. அங்கிருந்து சாக்கெட் வரைக்கும் ஒயரின் மேல்தோலே இல்லை.

"எவ்வளவு இருக்கு?" என்று குனிந்தபடியே கேட்டான். நிமிர்ந்து கேட்கத் தெம்பில்லை.

"இருபத்தேழு. போன் போடறேங்க."

"ஒரே நிமிஷம். எனக்கு ஒரு வழி தெரியும்."

"எத்தனை ஒரு நிமிஷம்ங்க உங்ககிட்ட?"

அவன் டிக்கியைத் திறந்தான். பழைய ஸ்பீக்கர் ஒயர் ஒரு சுருள் கிடந்தது. கார் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, பானட் இடுக்கு வழியாக, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, மெஷின் ஒயரின் நுனியை வெட்டி இதோடு முறுக்கிவிட்டால் முடிந்தது. ஃப்யூஸே வேண்டாம். மனசுக்குள் எல்லாம் கோத்துவிட்டான். கை வேகமாக ஓடியது. பல்லால் ஒயரின் தோலை உரித்தான். பானட்டைத் தூக்கினான். டேப் சுருளை மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டான்.

ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டியபோது மாமனார் அதைப் பிடித்தார். இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

மாமனார் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, இரும்புக் கயிற்றையும் மோட்டாரையும் பார்த்துச் சீட்டுக் கொடுத்தவர். கயிற்றைப் பார்ப்பதைவிட அதை மாட்டினவன் மூஞ்சியைத்தான் அதிகம் பார்ப்பேன் என்பார். வீட்டில் அதைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் சிரிப்பார்கள்.

"இதுவா?" என்றார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "இது ரேடியோவுக்கு. போடுற ஒயர்."

"பத்து ஆம்ப்தான் மாமா. கொஞ்ச தூரம்தானே."

"என் மூக்குல. வர்றது. என்னன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று மெஷின் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

மாமனார் ஒயரை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். கோபமோ கிண்டலோ இல்லை. வேலை நேரத்தில் பார்க்கிற பார்வை.

"தாங்குமா மாப்பிள்ளை?"

தாங்கும் என்று சொல்ல வாய் திறந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்த நாளில் தொடங்கி, தண்ணிக் குழாய், நாற்காலிக் கால், சமையலறை அலமாரி என்று எல்லாவற்றுக்கும் அவன் சொன்ன பதில் அது. நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. மாமனாரின் உதட்டோரம் லேசாக நிறம் மாறியிருப்பதைப் பார்த்தான்.

"தாங்காது மாமா."

மனைவி திரும்பினாள்.

"அந்த சாக்கெட்ட நான் யார்கிட்டயும் காட்டல." இதை மாமனாரைப் பார்த்துச் சொன்னானா மனைவியைப் பார்த்துச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. "ஃப்யூஸ்ல வெள்ளித்தாள் சுத்தி வச்சிருந்தேன். மூணு மாசமா. ஃப்யூஸ் ஒழுங்கா இருந்திருந்தா அது மட்டும் போயிருக்கும், ஒயர் பொழச்சிருக்கும். இப்ப ஒயர் மொத்தமும் வெந்துடுச்சு. இதை என்னால சரி பண்ண முடியாது. இப்ப நான் பண்ணப்போறதும் அதே வெள்ளித்தாள் வேலைதான்."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்பு உருண்டையை எடுத்து நீட்டினான். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்து, நேற்று வேண்டாமென்று சொன்ன அதே எண்ணை அழுத்தினாள். மலையில் சிக்னல் ஒற்றைக் கோடுதான். காரைச் சுற்றி நடந்து, ஒரு பாறை மேல் ஏறி நின்று பேசினாள்.

"ஆமா, நேத்து கேன்சல் பண்ணவங்கதான்... மலை ரோடு, இருபத்தெட்டாவது கிலோமீட்டர் கல்லு... இல்ல, நாங்க நிக்கல, எதிர்ல வந்துட்டே இருப்போம். வெள்ளைக் கார்... பேட்டரி இருபத்திரண்டு நிமிஷம்... சிலிண்டர் கொண்டாங்க, சார், ப்ளீஸ், இப்பவே கிளம்பிடுங்க."

இறங்கி ஓடிவந்தாள். "கிளம்பறாங்க. பாதி வழில பிடிச்சுக்கலாம்கிறாங்க. இருபத்தஞ்சு நிமிஷம், முப்பதாகலாமாம்."

முதலிலேயே கூப்பிட்டிருந்தால் பேட்டரி மிச்சமிருக்கும்போதே எதிரில் வந்திருப்பார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாததுதான் கார் முழுக்க நிறைந்திருந்தது.

மாமனார் மெஷின் பக்கம் கையைக் காட்டினார். "மூணுல இருக்கு. ரெண்டுல வை."

"அப்பா, உங்களுக்குப் பத்தாதுப்பா."

"வைம்மா. பேச மாட்டேன். பேசினாத்தான். செலவு."

ஆக்சிஜன் வரும் அளவைக் குறைத்து இரண்டில் வைத்ததும் திரையில் முப்பது என்று வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப் தொண்ணூறு காட்டியது. எண்பத்தைந்துக்குக் கீழே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் ஸ்பீக்கர் ஒயரை உருவிச் சாலையோரத்தில் எறிந்தான். பானட்டைச் சாத்தினான். அந்தச் சாக்கெட்டுக்குப் போகிற எல்லா ஃப்யூஸையும் பிடுங்கி, குழியைத் தொட்டுப் பார்த்தான். ஆறிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்தான்.

இறக்கம். வளைவுக்கு மேல் வளைவு. வேகமாகப் போகணும் என்று கால் துடித்தது. ஆனால் வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் மாமனாருக்கு இருமல் வரும், இருமல் வந்தால் இருக்கிற கொஞ்சமும் போகும். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் லென்ஸை அழுத்துகிற மாதிரி பிரேக்கை அழுத்தினான், நெருடாமல். எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியும் முதலில் ஆம்புலன்ஸாகத் தெரிந்தது. காய்கறி லாரி. பைக். இன்னொரு லாரி.

"எண்பத்தெட்டு," என்றாள் மனைவி பின்னாலிருந்து. அவனிடம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

ஐந்தாறு வளைவு கழித்து, "எண்பத்தாறு."

மாமனார் கண்ணை மூடியிருந்தார். மார்பு குழிந்து குழிந்து எழுந்தது. உள்கண்ணாடியில் அதைப் பார்க்காமல் இருக்க அவன் படாத பாடு பட்டான். பார்த்தால் சாலை போய்விடும்.

"எண்பத்திமூணுங்க."

"மூணுல வை," என்றான்.

"வச்சா பேட்டரி..."

"வை. இப்ப வேணும். அப்புறம் பாத்துக்கலாம்."

மூன்றில் வைத்தாள். எண்பத்தாறுக்கு ஏறியது. திரையில் இருந்த பதினொன்று ஏழாகக் குதித்தது. அவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மூக்கால இழுங்கப்பா. உதட்டைக் குவிச்சு விடுங்க. மெதுவா. ஆங், அப்படித்தான். எனக்கு நீச்சல் கத்துக்குடுக்கறப்ப நீங்க சொல்லுவீங்கல்ல, அந்த மாதிரி."

நான்கு. மூன்று. அவன் உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், யாரும் எதிரில் இல்லாதபோதும்.

மெஷின் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. அதுவரை காருக்குள் ஓடிக்கொண்டிருந்த புஸ் புஸ் சத்தம் இல்லாமல் போனபோதுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது. இப்போது மாமனாரின் மூச்சு மட்டும் கேட்டது. ஈரமான துணியைக் கிழிக்கிற மாதிரி.

"எண்பத்தொண்ணு." அவள் குரல் உடைந்தது. "எழுபத்தொம்பது. அப்பா. அப்பா, என்னைப் பாருங்க. ஏங்க!"

"வர்றாங்கம்மா. வந்துட்டாங்க."

அவன் சும்மாதான் சொன்னான். காலையிலிருந்து சொன்ன பொய்களில் அது எத்தனையாவது என்று எண்ணக்கூட நேரமில்லை. வண்டி வளைவில் திரும்பியது. கீழே, இரண்டு வளைவு தள்ளி, மரங்களுக்கு நடுவே சிவப்பு வெளிச்சம் சுழன்றது. பொய் மெய்யான ஒரே தடவை.

சாலை நடுவிலேயே நிறுத்தினான். ஆம்புலன்ஸ் மூக்கோடு மூக்கு வந்து நின்றது. டிரைவரும் நர்ஸ் பெண்ணும் குதித்து ஓடிவந்தார்கள். நர்ஸ் பேச்சே இல்லாமல் குழாயைக் கழற்றி, முகமூடியை மாமனார் முகத்தில் அழுத்தி, சிலிண்டரைத் திருகினாள். கார் சீட்டில் வைத்தே. தூக்கக்கூட இல்லை.

"எப்படி ஆச்சு?" என்றாள், கண்ணைக் கிளிப்பில் வைத்தபடி.

"நான்தான் மேடம். ஃப்யூஸ்ல வெள்ளித்தாள் சுத்தி..."

"சார், அது இல்ல. மெஷின் நின்னு எத்தனை நிமிஷம்?"

"நாலு," என்றாள் மனைவி. "நாலு நிமிஷம்."

"எழுபத்தெட்டு" என்றது நர்ஸின் உதடு. எல்லாரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தார்கள். பின்னால் வந்த ஒரு லாரி ஹாரன் அடித்துவிட்டு, விஷயம் புரிந்து நிறுத்திக்கொண்டது. எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. எண்பது. எண்பத்திமூன்று.

மாமனார் கண்ணைத் திறந்தார். முதலில் மகளைப் பார்த்தார். பிறகு இவனை. முகமூடிக்குள் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. மனைவி குனிந்து காதை வைத்தாள்.

"என்ன சொல்றார்?" என்று அவன் பயந்துகொண்டே கேட்டான்.

"வண்டிய நடுரோட்டுல நிறுத்தியிருக்கீங்களாம். ஓரம் கட்டணுமாம்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அவன் காரை ஓரம் கட்டினான். ஆம்புலன்ஸ் பின்னாலேயே போகலாம் என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மனைவி இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

"சாவியை எடுங்க. நீங்களும் அதுல ஏறுங்க."

"கார்?"

"இது இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு மெக்கானிக்கை அனுப்பித் தூக்கிக்கலாம். நீங்க தொடவேணாம்."

அவன் பூட்டினான். டேப் சுருள் இன்னும் மணிக்கட்டில் வளையலாகத் தொங்குவதை அப்போதுதான் கவனித்தான். கழற்றக் கூச்சமாக இருந்தது. அப்படியே போய் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினான்.

வண்டி திரும்பி இறங்கத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் வரவில்லை. மனைவி அவனிடம் பேசவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் பேசுவாளா என்று தெரியாது. ஆனால் எண்ணை மட்டும், நர்ஸ் பக்கத்திலேயே இருந்தும், ஜன்னலைத் தாண்டி அவன் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எண்பத்தெட்டு."

கொஞ்ச தூரம் போய், "தொண்ணூறு."